வாயிற்காவலனை மாற்றும் வேளை

இத்திங்கள் நம் பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்று, பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியது. அவர் இல்லத்தில் உள்ள ரூட்டர் ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன் வாங்கப்பட்டது. நாளொன்றுக்கு நான்கைந்து முறை தானே நின்று, தானே எழுகிறது. அவருடைய மகன் வளைகுடா நாட்டில் பணியாற்றுகிறார். இரவு எட்டரை மணிக்குக் குடும்பத்தார் அனைவரும் கூடி அவருடன் பேச அமரும் வேளை பார்த்துத்தான் அது நின்றுவிடுகிறதாம். மகள் கல்லூரியில் பயில்கிறார். ஓய்வூதியம் வந்து சேரும் வங்கிக் கணக்கையும் ஆசிரியர் கைப்பேசி வாயிலாகவே கவனித்து வருகிறார். ‘புதுக் கருவிக்கென 3,000 ரூபாய் ஒதுக்கி வைத்துள்ளேன். கடைக்காரர் 8,000 ரூபாயில் ஒன்றைக் காட்டி, அதற்குமேல் ஃபயர்வால் என்று தனிப்பெட்டி ஒன்றும் வேண்டும் என்கிறார். இவை இல்லையேல் வங்கிப் பணத்திற்கே கேடு என்றும் சொல்கிறார். இது உண்மைதானா?’ என்பது அவர் வினா.

இதே வினாவை வேறு சொற்களில் கேட்டோர் பலர். ஆதலின் சற்று விரிவாகவே விடை கூற முற்படுகிறோம்.

முதலில் அந்த ஃபயர்வால் என்னும் சொல்லைப் பார்ப்போம். நெருங்கி நிற்கும் கட்டடங்களில் ஒன்றில் பற்றிய தீ அடுத்ததற்குப் பரவாதிருக்க இடையே எழுப்பும் கனத்த சுவருக்கே ஆங்கிலத்தில் அப்பெயர் வழங்கிற்று. கணிப்பொறித் துறையினர் அச்சொல்லை இரவல் பெற்று, வெளியுலக இணையத்திற்கும் நம் உள்வீட்டுக் கருவிகளுக்கும் இடையே நின்று வருவோரைத் தடுத்து வினவும் காவலுக்கு இட்டனர். கடைக்காரர் தனியே விற்க விரும்பும் இக்காவல், இன்று விற்பனையாகும் இல்ல ரூட்டர்களுள் ஏற்கெனவே குடியிருக்கிறது என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அது எங்ஙனம் இயங்குகிறது என்பதை அறிந்துகொள்வது கடினமன்று. மாணவர் விடுதி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். விடுதிக்கு ஊரறிந்த முகவரி ஒன்றே. உள்ளே அறை எண்கள் பல உண்டு. அவை வெளியாருக்குத் தெரியா. மாணவர் எழுதும் மடல்களையெல்லாம் விடுதிக் காப்பாளர் தம் கையால் அஞ்சலில் சேர்க்கிறார். இன்ன அறையினர் இன்னாருக்கு எழுதினார் என்று ஏட்டில் குறித்துக்கொள்கிறார். விடை வந்ததும் ஏட்டைப் பார்த்து உரிய அறைக்கு அனுப்புகிறார். யாரும் எழுதாமலே எவரிடமிருந்தோ வரும் மடலுக்கு ஏட்டில் இடமில்லை; ஆதலின் அது வாயிலிலேயே கிழிபடுகிறது. நம் ரூட்டர் செய்வதும் இதுவே. 192.168 என்று தொடங்கும் எண்களைச் சில இல்லங்களில் பார்த்திருப்பீர்கள். உள்ளறைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. 1996ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் ஒரே மரபாக வழங்கி வருகின்றன. வெளியிலிருந்து எவரும் அவ்வெண்ணுக்கு நேரே மடல் விடுக்க இயலாது.

ஆகவே, ஆசிரியரின் வினாவின் ஒரு பகுதிக்கு விடை எளிது. நான்கைந்து கைப்பேசிகளும் ஒரு தொலைக்காட்சியும் ஒரு மடிக்கணினியும் உள்ள இல்லத்திற்குத் தனியான ஃபயர்வால் பெட்டி தேவையில்லை. பள்ளி, மருத்துவமனை, பலர் பணிபுரியும் அலுவலகம் ஆகியவற்றின் நிலை வேறு. அங்கே அதனை வாங்குவது வீண் செலவாகாது. இல்லத்திற்கு ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் கூறுவோம். இணைய முகவரிகளில் ஐ.பி.வி.6 என்னும் புதுமுறை இந்தியாவில் பெரிதும் பரவியுள்ளது. அம்முறையில் ஒவ்வொரு கருவிக்கும் ஊரறிந்த முகவரியே கிடைத்துவிடுகிறது. அறை எண் மறைவு அங்கில்லை. காவலன் ஒருவனே காப்பு. ஆதலின் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஐ.பி.வி.6 ஃபயர்வால் என்ற பகுதி இயங்கும் நிலையில் உள்ளதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

இனி, கடைக்காரர் சொல்லாமல் விட்ட உண்மையான இடருக்கு வருவோம். காவலன் இருக்கிறான் என்பது மட்டும் போதுமா? அவன் யாருக்கு ஊழியம் செய்கிறான் என்பதையும் பார்க்க வேண்டாமா?

ரூட்டர் என்பது உருவில் சிறிய ஒரு கணிப்பொறியே. அதனுள் மென்பொருள் ஓடுகிறது. மாந்தர் எழுதிய மென்பொருளில் ஓட்டைகள் இருத்தல் இயல்பு. விற்ற பின்னரும் அவை ஒவ்வொன்றாய்க் கண்டுபிடிக்கப்படுகின்றன. நேர்மையான நிறுவனம் ஓட்டையை அடைத்துத் திருத்திய மென்பொருளை அனுப்பிக்கொண்டிருக்கும். ஆனால் எந்த நிறுவனமும் என்றென்றைக்கும் அவ்வாறு செய்வதில்லை. சில ஆண்டுகள் கழிந்ததும், ‘இந்த மாதிரிக்கு இனித் திருத்தம் இல்லை’ என்று கைகழுவிவிடுகிறது. அதன்பின் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். கருவியோ முன்போலவே பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். நாமும் அது நலமாய் இருக்கிறது என்று எண்ணுவோம்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2016ஆம் ஆண்டு ‘மிராய்’ என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவிற்று. அதன் சூழ்ச்சி வியப்பூட்டும் அளவுக்கு எளியது. தொழிற்சாலையிலேயே இடப்பட்டு, எவரும் மாற்றாமல் விட்ட பெயர்-கடவுச்சொல் இணைகளில் அறுபதுக்கு மேற்பட்டவற்றைப் பட்டியலிட்டுக்கொண்டு, இணையத்தில் தென்பட்ட கண்காணிப்புக் கேமராக்களையும் ரூட்டர்களையும் ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்தது. திறந்தவற்றையெல்லாம் தன் படையில் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அப்படை அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தைத் தாக்க, பேர்பெற்ற பல இணையத் தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. அடுத்த மாதமே செருமனி நாட்டில் அதன் மாற்றுருவம் ஒன்றால் ஏறத்தாழ 9 இலட்சம் இல்லங்களின் இணைப்புத் தடைப்பட்டது. இதையெல்லாம் தொலைதூரச் செய்தி என்று கொள்வோருக்கு ஒன்று சொல்வோம். 2017 சூலைத் திங்களில் நம் நாட்டுப் பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் மோடம்களையும் ஒரு தீய நிரல் தாக்கிற்று. கர்நாடகத்தில் சுமார் 2,000 மோடம்கள் பழுதுற்றன. பழுதுற்றவை யாவும் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாதவை என்று அந்நிறுவனமே அறிவித்து, வாடிக்கையாளர் அனைவரையும் அதை மாற்றுமாறு வேண்டிக்கொண்டது.

பழுதாக்கிவிட்டுப் போகும் நிரலையாவது மன்னிக்கலாம். கருவி நின்றதும் நாம் விழித்துக்கொள்வோம். பழுதாக்காமல் தங்கிவிடுவதே கொடியது. அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. 2025 மே திங்களில் வெளியிட்ட எச்சரிக்கை இதைப் பற்றியதே. திருத்தம் நின்றுபோன பழைய ரூட்டர்களைக் கயவர் கைப்பற்றி, அவற்றைப் பிற குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விடுகின்றனர். குற்றவாளி எங்கோ அமர்ந்து செய்யும் மோசடி, வாடகைக்கு விடப்பட்ட வீட்டின் முகவரியிலிருந்து செய்ததாகவே பதிவாகும். குற்றம் அறியாக் குடும்பத் தலைவர் தம் இணைப்புச் சற்று மந்தமாயிருக்கிறது என்று மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். காவல் துறையினர் வந்து கதவைத் தட்டினால் அவருக்கு என்ன சொல்லத் தெரியும்?

ஆதலின், கையில் உள்ள பணம் குறைவு எனில் அதைக்கொண்டு வாங்க வேண்டியது திருத்தம் வரும் ஆண்டுகளையே. வேகத்தையும் கொம்புகளையும் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது நம் கருத்து. 8,000 ரூபாய்க் கருவிக்கு இன்னும் ஓராண்டே திருத்தம் வருமென்றால் அது விலையுயர்ந்த ஏமாற்றம். 3,000 ரூபாய்க் கருவிக்கு ஐந்தாண்டு வருமென்றால் அது நல்ல வாணிகம்.

இதை எங்ஙனம் அறிவது? கருவியின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். மாதிரியின் பெயரும், அதனருகே பதிப்பு எண்ணும் இருக்கும். பதிப்பு எண்ணைப் பலர் பொருட்படுத்துவதில்லை, அது தவறு. ஒரே பெயரில் முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று வருபவை உள்ளுறுப்பில் முற்றிலும் வேறாயிருப்பதுண்டு. ஒன்றுக்குத் திருத்தம் நின்றிருக்க, மற்றொன்றுக்கு வந்துகொண்டிருக்கும். நிறுவனத்தின் இணையத் தளத்தில் அப்பெயரையும் பதிப்பையும் தேடினால், கடைசியாக வந்த திருத்தத்தின் நாள் தெரியும். மூன்றாண்டுகளாக ஒன்றும் வரவில்லை என்றாலோ, ஆதரவு முடிந்தது என்று எழுதியிருந்தாலோ, அக்காவலனுக்கு விடை கொடுத்துவிடலாம். புதிது வாங்குமுன்னும் இதே தேர்வைக் கைப்பேசியில் கடையிலேயே நின்று செய்யலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இவ்வகையில் பிரித்தானிய நாடு ஒரு நல்ல சட்டம் இயற்றியுள்ளது. 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் இல்லக் கருவிகளை அந்நாட்டில் விற்போர், எத்துணைக் காலம் பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்பதை வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும். எளிதில் ஊகிக்கத்தக்க பொதுக் கடவுச்சொல்லோடு விற்றலும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியமும் இத்தகைய சட்டம் ஒன்றை 2024இல் நிறைவேற்றியுள்ளது. அதன் முதன்மை விதிகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருமெனக் குறிக்கப்பட்டுள்ளன. நாம் வாங்க எண்ணும் அதே மாதிரியும் பதிப்பும் அங்கும் விற்கப்படுமாயின், அங்கே வெளியிட்ட அறிவிப்பைப் படித்து வைத்துக்கொள்வதில் தடையேதும் இல்லை.

கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ஆசிரியர் தம் மடலில் ஓரிடத்தில், ஃபைபர் இணைப்புத் தந்த நாளில் நிறுவனத்தார் வெள்ளை நிறப் பெட்டி ஒன்றைச் சுவரில் பொருத்திச் சென்றனர் என்றும், பழைய ரூட்டர் அதனோடு இணைக்கப்பட்டுள்ளது என்றும் போகிற போக்கில் எழுதியுள்ளார். நமக்கு அவ்வரியே முக்கியமாகப் பட்டது. ஓ.என்.டி. எனப்படும் அவ்வெள்ளைப் பெட்டி, ஒளியிழையில் வருவதைக் கருவிகளுக்கு ஏற்றவாறு மாற்றித் தருகிறது. அண்மைக் காலத்தில் பொருத்தப்பட்டவற்றுள் பலவற்றில் ரூட்டரும் வைஃபையும் ஃபயர்வாலும் உள்ளேயே அமைந்துள்ளன. அப்படியாயின் அவர் இல்லத்தில் இரு காவலர் ஒரே வாயிலில் நிற்கின்றனர். அவருள் ஒருவர் முதியவர், அடிக்கடி மயங்கி விழுபவர். அவரை அகற்றிவிட்டு, வெள்ளைப் பெட்டியின் வைஃபையை மட்டும் ஒரு வாரம் பயன்படுத்திப் பார்க்கலாம். இரவு எட்டரை மணிப் பேச்சுத் தடையின்றி நடைபெற்றால் 3,000 ரூபாயும் மிச்சம்.

வெள்ளைப் பெட்டி நிறுவனத்திற்கு உரியதாயின், அது பழையதாகிவிட்டால் மாற்றித் தருமாறு கேட்பதற்குத் தயங்க வேண்டாம். அதன் திருத்தங்கள் நிறுவனத்தின் கையில் உள்ளன. சில அமைப்புகளை நாம் தொடவும் இயலாது. இக்குறைகளைப் பொறுக்க மாட்டாதவர், அப்பெட்டியை வெறும் கடத்தியாக மட்டும் இயங்குமாறு ‘பிரிட்ஜ்’ நிலையில் வைத்துத் தரக் கேட்டு, அதன் பின்னே தம் சொந்த ரூட்டரை வைத்துக்கொள்ளலாம். எல்லா நிறுவனங்களும் இதற்கு இசைவதில்லை. இசையாவிடினும் சொந்த ரூட்டரைப் பின்னே வைக்கலாம். இரட்டைக் காவலால் சில விளையாட்டுகளும் கேமராக்களும் மட்டும் முரண்டு பிடிக்கும்.

மற்றொன்று, அடிக்கடி நின்று எழும் ரூட்டரில் குற்றம் பல வேளைகளில் அதன் அடாப்டரில் இருக்கும். பத்தாண்டு இரவும் பகலும் சூடேறிய அடாப்டர் உரிய மின்னழுத்தத்தைத் தர இயலாமல் தளர்ந்துவிடும். சில நூறு ரூபாயில் அதே அளவுள்ள வேறொன்றை மாட்டினால் கருவி நிமிர்ந்து நிற்கலாம். ஆயினும் திருத்தம் நின்ற கருவியாயின், அது நன்றாக ஓடுவதும் நமக்கு நன்மையன்று என்பதை மேலே கண்டோம்.

சரி, வாங்கியே தீர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் மேல் பெரிதாய் அச்சிட்ட எண்ணைக் கண்டு மயங்காதிருத்தல் நலம். ‘ஏ.சி. 1200’ என்று இருக்கும். வினாடிக்கு 1,200 மெகாபிட் வேகம் கிடைக்கும் போலும் என்று நாம் எண்ணிக்கொள்வோம். அது இரு வேறு அலைவரிசைகளின் உச்ச வேகங்களைக் கூட்டிய தொகை. 2.4 கிகாஹெர்ட்சில் 300, 5 கிகாஹெர்ட்சில் 867. கூட்டி, 1,200 என்று முழுமையாக்கிவிடுகின்றனர். எந்தக் கைப்பேசியும் ஒரே நேரத்தில் இவ்விரண்டின் கூட்டுத்தொகையைப் பெறப்போவதில்லை. ‘ஏ.எக்ஸ் 1500’ என்பதும் இவ்வாறே 300உம் 1,201உம் சேர்ந்தது.

இதனினும் பெரிய மறைப்பு ஒன்று பின்புறத்தில் இருக்கிறது. 1,200 என்று முகப்பில் முழங்கும் மலிவுக் கருவிகள் சிலவற்றின் கம்பித் துளைகள் வினாடிக்கு 100 மெகாபிட் அளவினவே. இணையம் உள்ளே வருவதே அத்துளை வழியாகத்தான். நாம் 200 மெகாபிட் திட்டத்திற்குத் திங்கள்தோறும் பணம் செலுத்தினாலும், உள்ளே வந்து சேர்வது 94, 95ஐத் தாண்டாது. வாய் குறுகிய குடத்தில் அருவியைப் பிடிப்பது போலத்தான். எனவே துளைகள் ‘கிகாபிட்’ அளவின என்று தெளிவாக எழுதியுள்ளதா எனப் பார்த்து வாங்குக. 100 மெகாபிட்டும் அதற்குக் குறைந்த திட்டமும் உள்ளோர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கொம்புகளின் எண்ணிக்கையை நாம் ஒரு பொருட்டாகவே கொள்வதில்லை. ஆறு கொம்புள்ள கருவியைத் தொலைக்காட்சிக்குப் பின்னேயோ இரும்பு அலமாரிக்குள்ளோ வைப்பதைவிட, இரண்டு கொம்புள்ளதை வீட்டின் நடுவே ஆளுயரத்தில் வைப்பது மேல். 5 கிகாஹெர்ட்சு விரைவானது, ஆனால் செங்கற்சுவர் இரண்டைத் தாண்டுமுன் களைத்துவிடும். 2.4 மெதுவானது, தொலைவு செல்லும். மாடியிலும் குடியிருப்போர் மேலே ஒரு கம்பியைக் கொண்டு சென்று அங்கோர் இரண்டாம் கருவியை வைப்பதே நிலையான தீர்வு.

வைஃபையின் தலைமுறைகளைப் பற்றியும் கேட்பர். ஆறாம் தலைமுறையை வாங்கலாம் என்போம். வேகத்திற்காக அன்று, டபிள்யூ.பி.ஏ.3 என்னும் புதிய பூட்டு அதனோடு வருவதற்காக. இதற்கு முந்தைய பூட்டான டபிள்யூ.பி.ஏ.2, 2004இல் வந்தது. பல்லாண்டு நன்றாகவே காத்தது. 2017 அக்டோபரில் அதன் வடிவமைப்பிலேயே ஒரு பிழை உண்டென மேத்தி வான்ஹூஃப் என்னும் இளம் ஆய்வாளர் மெய்ப்பித்தார். அவர் பணிபுரிந்தது பெல்ஜிய நாட்டின் லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில். திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டினின் இசைவோடு 1425இல் நிறுவப்பட்ட பழம்பெரும் கல்விச்சாலை அது என்பதை நம் வாசகர்கள் அறிந்து மகிழ்வர். அப்பிழையை மென்பொருள் திருத்தத்தால் அடைக்க முடிந்தது. திருத்தம் வராத கருவிகள் அடைபடாமலே நின்றன என்பதையும் கவனிக்க. ஏழாம் தலைமுறைக்கான சான்றளிப்பு 2024 சனவரியில் தொடங்கிற்று. ஆனால் சிறு பட்ஜெட் உள்ள இல்லம் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டிய தேவை இல்லை.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஆசிரியருக்கு ஏற்றது, ஆறாம் தலைமுறை வைஃபையும் கிகாபிட் துளைகளும் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடும் உள்ள எளிய மாதிரி. அத்தகையன 3,000 ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கின்றன. பண்டிகைக் காலத் தள்ளுபடியில் சற்றுக் குறையவும் கூடும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய கருவிகள் அதனினும் மலிவாகக் கிடைக்கும். பழையதை வாங்குவோர் திருத்தம் வரும் ஆண்டு எத்தனை மீதமுள்ளது என்பதை இருமுறை பார்த்து வாங்குவாராக.

‘வீட்டில் கிடக்கும் பழைய கணிப்பொறியையே ஃபயர்வால் ஆக்கிவிடலாமாமே’ என்று கேட்கும் இளைஞரும் உளர். ஆம், இயலும். ஓ.பி.என்.சென்ஸ், பி.எஃப்.சென்ஸ் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன; திறமும் மிக்கவை. ஆனால் கணக்கொன்று போட்டுப் பார்க்க வேண்டும். 50 வாட் இழுக்கும் பழைய கணிப்பொறி இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 1.2 யூனிட், இரு திங்களுக்கு 72 யூனிட் ஆகிறது. 10 வாட் ரூட்டருக்கு அதே காலத்தில் 14 யூனிட்டுக்குச் சற்று மிகும், அவ்வளவே. தமிழக அரசு 2016இல் இரு திங்களுக்கு 100 யூனிட் மின்சாரத்தை இல்லங்களுக்குக் கட்டணமின்றித் தரத் தொடங்கியது. அந்த நூறில் முக்கால் பங்கை இந்த இலவசக் காவலனே விழுங்கிவிடுவான். கற்றுக்கொள்ளும் ஆவல் உடையோர் செய்து பார்க்கட்டும், சிக்கனத்திற்காக வேண்டாம்.

இதைவிட ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் வழி நமக்குப் பிடித்திருக்கிறது. நிறுவனம் கைவிட்ட ரூட்டருக்குள் ஆர்வலர் பலர் கூடி எழுதிய வேறொரு மென்பொருளைப் புகுத்துவது அது. 2003இல் ஒரு ரூட்டரின் மூல நிரல், உரிம விதியின்படி வெளியிடப்பட்டதிலிருந்து அடுத்த ஆண்டே பிறந்த முயற்சி. இன்றும் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கின்றன. நிறுவனம் இறுதிச் சடங்கு முடித்துவிட்ட கருவி இதனால் மேலும் பல ஆண்டுகள் நல்ல காவலனாய் வாழ்வதுண்டு. எல்லாக் கருவிக்கும் இது பொருந்தாது. 4 மெகாபைட் சேமிப்பும் 32 மெகாபைட் நினைவும் உள்ள பழைய மலிவு மாதிரிகளில் இடமே போதாது. 16உம் 128உம் இருந்தால் நலம். எந்த மாதிரி ஏற்கும் என்ற பட்டியல் அம்முயற்சியின் தளத்திலேயே உள்ளது. அதிலும் பதிப்பு எண்ணைப் பார்க்க வேண்டும். தவறான கோப்பை ஏற்றினால் கருவி செங்கல்லாய்ப் போய்விடும். பங்கில் இத்துறை பயின்ற பிள்ளைகள் யாரேனும் இருப்பின் அவரை அழைத்து, காப்பி கொடுத்து உட்கார வைத்துச் செய்யச் சொல்லலாம்.

புதிது வந்தாயிற்று. இனி ஒரு கால்மணி நேர வேலை உண்டு. இதைச் செய்யாதவர் வாங்கிய பயனில் பாதியை இழப்பர். ரூட்டருக்கு இரு கடவுச்சொற்கள் உண்டு. வைஃபையில் சேர ஒன்று, அமைப்புகளை மாற்ற மற்றொன்று. இரண்டும் வேறாக இருத்தல் வேண்டும். இரண்டாவதை விருந்தினருக்குச் சொல்லுதல் ஆகாது. பாதுகாவல் புனிதரின் பெயரோடு திருமண ஆண்டைச் சேர்த்துக் கடவுச்சொல் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் இல்லங்களில் மிகுதி. பக்தி நன்று; ஆனால் வாயிலின் மேலேயே புனிதரின் படமும் பெயரும் இருக்கின்றனவே! தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்து வைத்து, குடும்பக் கணக்கேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். திருடன் இணையத்தில் இருக்கிறான். உங்கள் கணக்கேட்டை அவன் பார்க்கப்போவதில்லை.

டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியை அணைத்துவிடுக. எட்டு இலக்க எண்ணைச் சொன்னால் வைஃபை திறக்கும் வழி அது. எட்டு இலக்கம் எனில் பத்துக் கோடி வாய்ப்புகள் அன்றோ என்று தோன்றும். கடைசி இலக்கம் முன்னுள்ளவற்றைக் கொண்டு கணக்கிடப்படுவது. மீதி ஏழில் முதல் நான்கையும் பின் மூன்றையும் கருவி தனித்தனியே சரிபார்க்கிறது. ஆக, 10,000உம் 1,000உம் சேர்த்து 11,000 முறை முயன்றால் போதும் என்பது 2011 டிசம்பரில் வெளிப்பட்டது. பொறுமையுள்ள நிரலுக்கு இது பெரிய வேலையன்று. வெளியிலிருந்து ரூட்டரை நிர்வகிக்கும் வசதியையும், கருவிகள் தாமே கதவைத் திறந்துகொள்ள இடம் தரும் யு.பி.என்.பி. என்பதையும் அணைத்துவிடலாம். தானாகத் திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டை இயக்கி வைக்க வேண்டும். விருந்தினர் வைஃபை என்று தனியே ஒன்று இருக்கும். தொலைக்காட்சியையும் கேமராவையும் அதில் சேர்த்துவிட்டால், அவற்றுள் ஒன்று கெட்டாலும் வங்கிக் கணக்குள்ள கைப்பேசியை எளிதில் எட்டாது.

பிள்ளைகள் உள்ள இல்லங்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. இணையத்தில் தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தேடித் தரும் ‘டி.என்.எஸ்.’ என்றொரு முகவரிப் புத்தகம் உண்டு. ரூட்டரில் அதற்கான இடத்தில் 1.1.1.3 என்று இட்டால், தீய நிரல் பரப்பும் தளங்களும் ஆபாசத் தளங்களும் பெரும்பாலும் திறவா. கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020 ஏப்ரல் முதல் இதைக் கட்டணமின்றித் தருகிறது. தீய நிரலை மட்டும் தடுத்தால் போதும் என்போர் 1.1.1.2 என்று இடலாம். ஆயினும் பிள்ளை வைஃபையை அணைத்துவிட்டுக் கைப்பேசியின் சொந்த இணைப்பில் சென்றால் இத்தடை வேலை செய்யாது.

வங்கிப் பணத்தைப் பற்றி ஆசிரியர் அஞ்சினாரே, அதற்கும் நேரிய விடை சொல்ல வேண்டும். நல்ல ரூட்டர் கள்ள வழியில் வருவோனைத் தடுக்கும். தொலைபேசியில் அழைத்து, ‘வங்கியிலிருந்து பேசுகிறோம், வந்த எண்ணைச் சொல்லுங்கள்’ என்போனையும், காவல் அதிகாரி வேடத்தில் காணொளியில் தோன்றி ‘உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்துள்ளோம்’ என்று மிரட்டுவோனையும் 3,000 ரூபாய்க் கருவியும் தடுக்காது, 80,000 ரூபாய்க் கருவியும் தடுக்காது. அத்தகைய கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. பணம் போய்விட்டால் ஒரு நொடியும் தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து அழைத்தால் பணத்தை இடையிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.

கடைசியாக, பழைய பெட்டி. அதைக் காயலான் கடைக்குப் போடுமுன் பின்புறத்தில் உள்ள சிறு துளையில் குண்டூசி முனையை வைத்து, கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். விளக்குகள் அணைந்து மீண்டும் எரியும். அதனுள் இருந்த உங்கள் இணைப்பின் பெயரும் கடவுச்சொல்லும் அப்போது அழிந்துவிடும். அடாப்டரை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ள எண்ணினால், அதில் 9 வோல்ட் என்றுள்ளதா 12 வோல்ட் என்றுள்ளதா எனப் பார்த்து ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். முள் ஒன்றுபோலவே பொருந்தும். 9 வோல்ட் கருவியில் 12 வோல்ட்டை மாட்டினால் புகைந்துவிடும்.